பொறுமையான குடும்பம் தேவை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், சற்று நேரத்தில் "பின்பக்கமும் வேணுமாம்" என்று வந்து நிற்பவர்களோடு தினமும் மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? எங்கள் வீட்டுக்கு வேண்டிய பொறுமை முழுவதும் என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் ஊரெல்லாம் அலைந்து பொறுமையான ஆள் தேடினேன், ஒரு நாய்க்காக.

அது ஒரு செவலை நாய். பெட்டை. ஒரு மழை நாளில் கடை வாசலில் நின்ற எங்கள் பழைய காருக்கு அடியில் வந்து படுத்தது. மழை விட்டும் வெளியே வரவில்லை. பிஸ்கட் போட்டால் நாம் கண் மறைந்த பிறகுதான் தின்னும். கடைசியில் என் வீட்டுக்காரர் தரையில் குப்புறப் படுத்து, சாக்கைப் போர்த்தி, மெதுவாக வெளியே இழுத்தார். கடிக்கக்கூட அதற்குத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கியது. முதுகில் பழைய காயத் தழும்புகள். எனக்கு மனசு கேட்கவில்லை, "வீட்டுக்குத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வீடு எங்களுடையது இல்லை. மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், கீழே ஹவுஸ் ஓனர் அக்கா. மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து நாயை இருக்க வைத்தோம். எங்கள் பக்கம் நாய்க்கு இடம் என்றால் அதுதான். மேல் வீடு, கீழ் வீடு, வருகிறவர், போகிறவர் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் அங்கேதான். மழை படாது, வெயில் படாது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

அக்கா வந்து எட்ட நின்று பார்த்தார். "தொழுகைக்குக் கை கால் கழுவி உளு செஞ்சுட்டு வரும்போது நாய் மேல பட்டா மறுபடியும் கழுவணும்மா. ஆனா பாவம், வாயில்லாத ஜீவன். நோன்பு வர வரைக்கும் இருக்கட்டும். நோன்புக்கு எங்க மக்கமாரெல்லாம் வந்துருவாக. அதுக்குள்ள, இன்ஷா அல்லா, நல்ல எடமாப் பாத்து விட்டுருங்க" என்றார். அன்று மாலையே ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறைய எலும்பும் கறியும் வந்தது. அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக்கூட அவ்வளவு கறி வந்ததில்லை.

அதற்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெயர் வைத்தால் அனுப்ப மனசு வராதாம். அவர் சொன்னது சரிதான் என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

அதன் பயத்தைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். சாப்பாடு வைத்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். தண்ணி கேன் போடுகிறவர் வந்தால் சாக்குக்கு அடியில் தலையை மட்டும் மறைத்துக்கொள்ளும், உடம்பு முழுக்க வெளியே கிடக்கும். நான் கூப்பிட்டால் நடுங்கும். கூப்பிடாவிட்டாலும் நடுங்கும். "ஒன் கொரலுக்குத்தான் பயப்படுது. கொஞ்சம் மெல்லப் பேசேன்" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து மனசில் வைத்திருந்ததை நாய் சாக்கில் சொல்லிக்கொண்டார் மனுஷன். சரி என்று நானும் கொஞ்ச நாள் குசுகுசுவென்று பேசினேன். கடைக்கு வந்தவர்கள் என் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாயின் நடுக்கம் நிற்கவில்லை.

அப்புறம்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மீசை. தண்ணி கேன்காரருக்கு மீசை. கூரியர் தம்பிக்கு மீசை. என் வீட்டுக்காரருக்கு, கேட்கவே வேண்டாம், மூக்குக்குக் கீழே ஒரு பந்தலே போட்டிருந்தது. யாரோ மீசைக்காரப் பாவிதான் இதை அடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மதுரையில் ஒரு ஆம்பளையிடம் மீசையை எடு என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிட்னியைக் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரைப் பார்த்து, யாரோ என்று நினைத்து நான் அலறிவிட்டேன். தெருவில் இறங்கியதும் டீக்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, "என்னாண்ணே, யாரு தவறுனது? ஒரு வார்த்த சொல்லவே இல்லையே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு அவசரமாக உள்ளே போனார். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்த மனுஷன் மாடிப்படிக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, மொழுமொழு முகத்தைப் பாசமாக நீட்டினார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

அதற்கு மேல் அவரைச் சோதிக்க எனக்கே பாவமாக இருந்தது. கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். "பொறுமையான குடும்பம் தேவை" என்று பெரிய எழுத்தில் அடித்து, "பயந்த சுபாவமுள்ள பெண் நாய்க்கு" என்று கீழே சின்னதாகப் போட்டேன். பாதிப் பேர் மேல் வரியை மட்டும் படித்துவிட்டு, "பொண்ணு என்னா படிச்சுருக்கு?" என்றார்கள். நாய் என்றதும் நான் அவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர், "நாட்டு நாயா? அதுவும் பயந்த நாயா? திருடன் வந்தா அத நாம காப்பாத்தணுமாக்கும்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முதலில் வந்தது ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு இளம் ஜோடி. வீட்டிலிருந்தே வேலை. நாய் வளர்ப்பதைப் பற்றி இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்திருந்தார்கள். மெத்தை, பொம்மை, பீங்கான் கிண்ணம் எல்லாம் வாங்கி, மதுரை வெயிலில் பாதம் சுடக் கூடாது என்று நாலு குட்டி ஷூவும் வாங்கி வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்து நெகிழ்ந்து போனேன். சாயங்காலமே அந்தப் பெண் போன் செய்து அழுதாள். "ஆன்ட்டி, ஷூ போட்டு விடலாம்னு எடுத்துட்டுப் போனேன். அப்படியே எகிறிக் குதிச்சு வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போயிருச்சு. வரவே மாட்டேங்குது. என்னய பேய் மாதிரி பாக்குது." போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்து வந்தவர் கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலை தெரிகிற மாதிரி வீடு கட்டிக் குடிபோன ரிட்டையர்டு ஆபீசர். காலையும் மாலையும் தியானம். கோபம் என்ற வார்த்தையையே புன்னகையோடு உச்சரிக்கிறவர். "ஒரு உயிருக்கு நாம குடுக்கக்கூடியது நேரம் மட்டும்தாம்மா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. முழங்கால் வலிக்காக வீட்டுக்குள்ளேயும் முள்ளு முள்ளாக இருக்கிற ரப்பர் செருப்பு போட்டு டப் டப் என்று நடப்பார். அதை விட்டால் அந்த வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. நாய் நேராக பீரோவுக்கு அடியில் போனது. அவர் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து தியானம் செய்தார். எழுந்து நடந்தார், மறுபடி வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் தாக்குப்பிடித்திருப்பார். அப்புறம் போனில் அவர் போட்ட சத்தம் எங்கள் ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டி வெளியே கேட்டது. "வந்து தூக்கிட்டுப் போங்கம்மா! எனக்கு பி.பி. ஏறிப்போச்சு! இத்தன வருஷ தியானமும் போச்சு!"

திரும்பி வந்து மறுபடியும் அதே மாடிப்படி, அதே சாக்கு. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. இடம் கிடைக்காவிட்டால் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டியதுதான். கோரிப்பாளையம் முக்கில், அந்த பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு நடுங்குகிற நாய் எத்தனை நாள் தாங்கும்? அன்று நாயின் முன்னால் உட்கார்ந்து, "ஒனக்கு என்னாதான்டி வேணும்? சொல்லித் தொலையேன்" என்று கத்தினேன். அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. வெற்றிலையை சோழவந்தானில் தோட்டத்துக்கே போய்க் கொடிக்காலிலேயே வாங்கினால் தளதளவென்று இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தெரிந்தவர் மூலம் ஒரு விவசாயியிடம் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அக்கா வீட்டுக்கு விருந்தாட்கள் வந்துவிட்டதால் நாயையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழி நெடுக அது பின்சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது.

கொடிக்காலை அடைவதற்கு முன்பே அந்த விவசாயியின் குரல் எங்களை அடைந்துவிட்டது. மோட்டார் ஓடவில்லை என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் போனில் யாரையோ திட்டினார். எங்கள் காரைப் பார்த்ததும் அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு அது? செருப்பக் கழட்டுங்க! மொதல்ல செருப்பக் கழட்டுங்க!"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "வந்தவங்கள வாங்கன்னு கூட சொல்ல மாட்டீங்களா? சேறும் சகதியுமா கெடக்கு, வெறுங்கால்ல எப்படி வர்றது?"

"கொடிக்கால் மகாலச்சுமிம்மா! செருப்புக் கால் பட்டா கொடி வாடிப் போகும். எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து ஒருத்தன் செருப்போட உள்ள வந்தது கெடையாது. வாரதா இருந்தா கழட்டுங்க, இல்லையா, அங்கனயே நில்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வேலி ஓரத்தில் கழற்றிப் போட்டேன். என் வீட்டுக்காரர் எப்போதோ கழற்றிவிட்டு நின்றார். உள்ளே கால் வைத்தால் குளுகுளுவென்று ஈரமண். அகத்திச் செடிகளைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே வரை வெற்றிலைக் கொடி. ஓரத்தில் உட்கார்ந்து விவசாயியின் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம் இளம் வெற்றிலைதான் வேண்டும் என்றேன். எது இளசு என்று எனக்குச் சொல்லித் தர வந்தீர்களா என்று அவர் கத்தினார். நானும் விடவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் அப்படி நாலு பேர் பார்க்க இழுக்கிற ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வெக்கைக்காகத் திறந்து வைத்திருந்த கார்க் கதவு வழியாக நாய் இறங்கி வந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. ஈரமண்ணை முகர்ந்துகொண்டே வந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த அந்த மனிதருக்குப் பின்னால் போய், அவருடைய சேறு படிந்த குதிகாலை மோந்து பார்த்தது. அவர் குனிந்து, "ஏய்! நீ யாரு?" என்றார். அதே குரலில்தான். வால் ஆடியது. அதற்கு வால் ஆடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரம்! மாசக்கணக்கில் கறிச்சோறு போட்டவள் நான். மீசையை எடுத்தவர் என் புருஷன். வந்து மோந்து பார்த்தது இந்த ஒலிபெருக்கியின் காலை.

நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று விறுவிறுவென்று வேலிக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். ஒரு எட்டு எடுத்து வைத்தேன். நாய் சுருண்டு அகத்திக்குப் பின்னால் ஓடிவிட்டது. "ஐயோ, என்னாச்சு" என்று மண்ணில் இறங்குவதற்காகச் செருப்பைக் கழற்றினேன். மெதுவாகத் தலை எட்டிப் பார்த்தது. மாட்டினேன், தலை மறைந்தது. கழற்றினேன், தலை வந்தது.

"என்னா பண்ணுற? அங்கன நின்னு ஆட்டம் ஆடுற?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் செருப்பு போட்டு நடந்த தியானக்காரர். நாலு குட்டி ஷூ. கூரியர் தம்பியும் தண்ணி கேன்காரரும் குனிந்து கழற்றிய செருப்புகள். கடைத்தெருவில் ஒரு நாயைக் கண்டால் ஆள் ஆளுக்குக் காலில் இருப்பதைக் கழற்றித்தானே எறிகிறார்கள். எறிந்ததுமில்லாமல் அதாலேயே இதை அடித்தும் இருப்பார்கள். அந்த நாயை நாங்கள் தேடித் தேடிக் கொண்டுவந்து வைத்த இடம் செருப்பு ஸ்டாண்டு! எந்நேரமும் யாராவது அதன் மூக்குக்கு முன்னால் குனிந்து ஒரு செருப்பைக் கையில் எடுப்பதும் போடுவதுமாக இருந்தால், அது எங்கே போய் ஒளியும், பாவம்? இதை நான் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் மெதுவாக மேல் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

விவசாயியிடம் விஷயத்தைச் சொல்லி, நாயை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் குதித்தார். "நாய் கீய்யெல்லாம் நமக்கு ஆகாதும்மா! பொறுமையான ஆளுன்னா தேடுறீங்க? ஊருக்குள்ள போயி என்னயப் பத்தி விசாரிங்க, காறித் துப்புவாங்க!"

வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ஒங்க கத்தலுக்குப் பயப்படாத ஜீவன் இந்த ஊருல இது ஒண்ணுதான். இருந்துட்டுப் போகட்டும்."

"கொடிக்காலுக்குள்ள நாய் வரலாமாக்கும்?"

"ஏன், அது என்ன செருப்பா போட்டுருக்கு?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மறுபடியும் மோட்டாரைத் திட்டப் போனார். நாயும் பின்னாலேயே போனது.

விட்டுவிட்டு வந்தோம், ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொடிக்கால் சரி, அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்போடுதானே வருவார்கள்? இவருக்கோ பொறுமை என்னைவிடக் குறைச்சல். ஒரு தரம் அது மிரண்டு ஓடினால் தேடுவாரா, போய்த் தொலை என்று விடுவாரா? தினமும் போன் செய்தேன். "தின்னுச்சு! தூங்குச்சு! வையுங்கம்மா போன!" என்று கத்துவார். அக்காவும் தினமும் மாடிக்குக் குரல் கொடுத்து, "அந்தப் புள்ள சாப்புட்டுச்சாம்மா?" என்று கேட்பார். நோன்பு முழுக்க அதற்காக துவா செய்ததாகவும் சொன்னார்.

சித்திரை வெயிலில் அந்த விவசாயியின் பேத்திக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தது. எனக்குப் பகீரென்றது. காதுகுத்து என்றால் ஊரே வரும். கொட்டு, வெடி, மைக் செட். எல்லாவற்றையும்விட அத்தனை ஜனத்தின் செருப்பும் வாசலில் வந்து குவியும். அன்றைக்கு அது ஓடினால் ரோட்டில் லாரியில்தான் போய் விழும். வழியெல்லாம் என் வீட்டுக்காரரை வேகமாக ஓட்டச் சொல்லித் திட்டிக்கொண்டே போனேன்.

போய் இறங்கினால், வீட்டுக்கு எட்டத்திலேயே தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், மலை மாதிரி செருப்பு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நம்ம ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். எதிரே கொட்டுமேளத்தோடும் சீர்த்தட்டோடும் தாய்மாமன் கூட்டம் நின்றது. தாய்மாமன் காலில் பளபளவென்று புதுச் செருப்பு.

"தாய்மாமன் நான்! சீர் கொண்டு வாரேன்! தெருவுலயே செருப்பக் கழட்டுன்னா என்னா மரியாத இது?"

"வீட்டு வாசல்ல வெத்தல அடுக்கிக் கெடக்கு மாப்ள! வெத்தல இருக்க எடம்பூரா கொடிக்கால்தான்! கொடிக்காலுக்குள்ள எவனுக்கும் செருப்பு கெடையாது! கழட்டுனா வா, இல்ல, இங்கனயே காதக் குத்திக்குவோம்!"

வெற்றிலை ஒரு கூடைதான் இருந்தது, அதுவும் பந்திக்கு. அதன் பக்கத்தில், மைக் செட் அலறிக்கொண்டிருந்த பந்தலுக்கு அடியில், செவலை ஒன்று காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. அவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தாய்மாமன் என்னிடம் திரும்பி, "ஏம்மா, மதுரைலருந்து வந்துருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" என்றார்.

நான் எல்லோரும் பார்க்க இரண்டு செருப்பையும் அந்தக் குவியலில் உதறிவிட்டு, கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். மறுபடி வளர்ந்துவிட்ட மீசையோடு என் வீட்டுக்காரரும் வந்தார். பின்னால் கொட்டுச் சத்தம் மறுபடி தொடங்கியது. தாய்மாமன் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்.

நான் பந்தலில் உட்கார்ந்ததும் நாய் எழுந்து வந்தது. என் காலை மோந்தது. நிதானமாக, வேண்டிய மட்டும் மோந்து பார்த்துவிட்டு, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதுவாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டேன், ரசம் தீர்ந்துபோயிருந்தது.

கிளம்பும்போது அந்த மலையில் என் செருப்பைக் காணோம். யார் மாட்டிக்கொண்டு போனார்களோ, நல்ல செருப்பு. "இரு, தேடிப் பாக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் குனிந்தார். நான் அவர் தோளைத் தட்டிக் கீழே காட்டினேன். நாய் கயிற்றைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

"வேணாம், வாங்க" என்றேன்.

அவரும் தன் செருப்பைக் கையில் எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டார். மூன்று பேரும் வெறுங்காலோடு கார் நிற்கிற இடம் வரை நடந்தோம். தார் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது, நான் நின்றால் நின்றது. கார்க் கதவைத் திறந்தேன். அது என் முகத்தைப் பார்த்தது.

"ஏய்! எங்க போற? வா இங்க!"

தெருவே அதிர்கிற மாதிரி பின்னாலிருந்து கொடிக்கால்காரர் குரல். எந்த நாயாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும். இது வாலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடியது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அழுறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, அழுறேன். அதுக்கென்ன இப்ப? வண்டிய எடுங்க."